‘கு.க. (குடும்பக் கட்டுப்பாடு) பண்ணியாச்சா?’ என்று கேட்டால் பாதிப் பதில்தான் வரும்: தருமபுரி, கிருஷ்ணகிரி ஊர்களில் தாய்நல ஆய்வு செய்யும் முறை

சமூக மருத்துவ மாணவர், செவிலியர் கல்லூரி மாணவி, தொண்டு நிறுவனக் களப்பணியாளர் என்று யார் குடும்பநல ஆய்வு தொடங்கினாலும் மாதக்கணக்கில் மண்டையை உடைப்பது மாதிரி அளவுக்கும் மென்பொருளுக்கும்தான். தமிழ்க் கேள்வித்தாள் கடைசி வாரத்தில் இரண்டு மதியங்களில் தயாராகிவிடும். ஆய்வு கெட்டுப்போவதோ பெரும்பாலும் அந்த இரண்டு மதியங்களில்தான். அதனால் கணக்கை இங்கே சுருக்கமாகச் சொல்லிவிட்டு, வாசலில் நின்று கேட்கும் வேலையை விரிவாகச் சொல்கிறோம்.

எதை அளக்கலாம், எத்தனை பேர் வேண்டும்

தாய்மார் மரண விகிதத்தை ஆய்வின் நோக்கமாக எழுதாதீர்கள். 2018–20 மாதிரிப் பதிவு முறைக் கணக்கின்படி தமிழ்நாட்டில் 1,00,000 உயிர்ப்பிறப்புக்கு 54 தாய்மார் இறந்தார்கள். நீங்கள் 500 பிரசவங்களைப் பார்த்தால் எதிர்பார்க்கக்கூடிய மரணம் 0.27. ஒன்று வந்தாலும் பூஜ்யம் வந்தாலும் அதை வைத்து எதையும் சொல்ல முடியாது. சிறிய ஆய்வு தாங்கக்கூடியவை வேறு: முதல் 3 மாதத்துக்குள் பதிவு செய்தார்களா, எத்தனை தடவை செக்கப், இரும்புச்சத்து மாத்திரையை எத்தனை நாள் விழுங்கினார்கள், எங்கே பிரசவம், பிரசவத்துக்குப் பின் 42 நாளில் யார் வந்து பார்த்தார்கள், அடுத்த பிள்ளைக்கு எவ்வளவு இடைவெளி, என்ன கருத்தடை முறை, வேண்டியும் கிடைக்காதது எத்தனை பேருக்கு.

மாதிரி அளவில் எல்லாரும் 384 என்று எழுதுவார்கள். அது விகிதம் 50 விழுக்காடு, பிழை கூடக்குறைய 5 என்று வைத்தால் வரும் எண். கிராமம் கிராமமாகத் தொகுத்து எடுப்பதால் அதை 1.5 ஆல் பெருக்க வேண்டும், 576. பத்தில் ஒருவர் வீட்டில் இருக்கமாட்டார் அல்லது மறுப்பார் என்று 0.9 ஆல் வகுத்தால் 640. 30 ஊர்களுக்குப் பிரித்தால் ஊருக்கு 22 பேர்.

பூர்த்தியாகாத கருத்தடைத் தேவை (பிள்ளை இப்போது வேண்டாம் என்றிருந்தும் எந்த முறையும் இல்லாதது) போன்ற சின்ன விகிதத்துக்கு இந்தக் கணக்கு உதவாது. விகிதம் 8 விழுக்காடு இருக்கும் என்று வைத்து, பிழை 5 என்று போட்டால் 113 பேர் போதும் என்று விடை வரும். ஆனால் முடிவு 3 முதல் 13 வரை எதுவாகவும் இருக்கலாம்; அதற்கு ஆய்வு செய்யாமலே இருக்கலாம். பிழையை 2 ஆகக் குறைத்தால் 707, மேலே சொன்ன இரண்டு திருத்தமும் சேர்ந்தால் 1,178. அவ்வளவு பேரைப் பார்க்க ஆள்பலம் இல்லையென்றால் அந்தக் கேள்வியை முதன்மை நோக்கத்திலிருந்து எடுத்துவிடுவதே நேர்மை.

‘கடந்த ஓராண்டில் பிள்ளை பெற்றவர்கள்’ என்று மட்டும் எடுப்பவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். ஆண்டுக்கு ஆயிரம் பேருக்குச் சுமார் 14 பிறப்பு. 300 வீடு, 1,200 பேர் உள்ள ஊரில் ஓராண்டில் 16, 17 பிரசவம்தான். அங்கே 22 பேரைத் தேடினால் கிடைக்கமாட்டார்கள். களப்பணியாளர் என்ன செய்வார்? 14 மாதக் குழந்தையை 11 மாதம் என்று எழுதுவார். பக்கத்து ஊரையும் சேர்த்து ஒரே தொகுப்பாக ஆக்குங்கள், அல்லது காலத்தை 2 ஆண்டாக நீட்டுங்கள்.

ஊரும் கொட்டாயும்

ஊர்களைத் தேர்ந்தெடுக்க இன்றும் 2011 மக்கள்தொகைக் கணக்குப் பட்டியலைத்தான் எடுப்பார்கள். மக்கள்தொகையை வரிசையாகக் கூட்டிக்கொண்டே போய், மொத்தத்தை 30 ஆல் வகுத்து, அந்த இடைவெளியில் ஊர் எடுப்பது வழக்கமான முறை. ஓசூரைச் சுற்றி அன்று வயலாக இருந்தது இன்று லேஅவுட். அந்தப் பக்கம் போகும்முன் துணை சுகாதார நிலையத்தின் வீட்டுக் கணக்கோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

இந்த இரு மாவட்டத்துக்கும் உரிய சிக்கல் கொட்டாய். ஊர் என்று பெயர் பலகை இருக்கும் இடத்தில் 150 வீடு இருக்கும். மீதிப் பேர் அவரவர் நிலத்தில் நாலு வீடு, பத்து வீடாகக் கொட்டாய் போட்டு இருப்பார்கள். பஸ் ஸ்டாப்பில் இறங்கி, கோயிலிலிருந்து வலது கைப்பக்கம் வரிசையாகப் போனால் கொட்டாய் ஒன்றுகூட மாதிரியில் வராது. நடந்து ஆஸ்பத்திரிக்குப் போகத் தூரமாக இருப்பவர்களும் அவர்களே. முதல் நாளில் யாரையும் பேட்டி எடுக்காமல் அங்கன்வாடி ஊழியரையும் பால் சொசைட்டிக்காரரையும் உட்காரவைத்து எல்லாக் கொட்டாயின் பெயரையும் காகிதத்தில் வரையுங்கள். பால் சொசைட்டிக்காரருக்குத் தெரியாத கொட்டாய் இருக்காது. பிறகு சுமார் 100 வீட்டுக்கு ஒரு துண்டாகப் பிரித்து, சீட்டுப் போட்டு ஒன்றை எடுங்கள். சித்தேரி, வத்தல்மலை, அஞ்செட்டிப் பக்கம் இந்த வரைபட வேலைக்கே தனியாக ஒரு நாள் போகும்.

அடுத்தது தாய்வீடு. தலைப்பிரசவம் என்றால் வளைகாப்பு முடிந்து பெண் அம்மா வீட்டுக்குப் போய்விடுவாள். மூன்றாம் மாதமோ ஐந்தாம் மாதமோதான் திரும்புவாள். ‘இந்த வீட்டு மருமகள் யார்’ என்று மட்டும் பட்டியலிட்டால், நமக்கு மிகவும் வேண்டிய பெண்கள், அதாவது பிரசவித்து 42 நாள் முடியாதவர்கள், ஒட்டுமொத்தமாகத் தவறிப்போவார்கள். ‘நேற்று ராத்திரி இந்த வீட்டில் தூங்கிய 15–49 வயதுப் பெண்கள் எல்லாரும்’ என்ற ஒரே விதியை வைத்துக்கொள்ளுங்கள். வாசலில் இரண்டு கேள்வியும் கேட்க வேண்டும்: “மருமக ஊர்ல இருக்காங்களா?”, “மக யாராவது பிரசவத்துக்கு வந்திருக்காங்களா?” இரண்டு விதியைக் கலந்தால் ஒரே பெண் இரண்டு ஊரில் எண்ணப்படுவாள், அல்லது ஓரிடத்திலும் வரமாட்டாள். ஆடி மாதத்தில் புதுப்பெண்கள் தாய்வீட்டில் இருப்பார்கள் என்பதால் அந்த மாதத்தைத் தவிர்ப்பது நல்லது.

தாய்வீட்டில் பேட்டி கொடுப்பவர் கர்ப்பகாலத்தை பெங்களூரிலோ திருப்பூரிலோ கழித்திருக்கலாம். செக்கப் எந்த ஊரில் என்பதைத் தனியாக எழுதாவிட்டால், பெங்களூர் கிளினிக்கின் குறை பாலக்கோடு பக்கம் உள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தின் கணக்கில் ஏறும்.

அனுமதி, ஆட்கள், மொழி

நிறுவன அறநெறிக் குழு, பிறகு மாவட்ட சுகாதார அலுவலகம், பிறகு ஊராட்சி நிர்வாகம். இந்த வரிசை மாறக்கூடாது. கிராம சுகாதார செவிலியரை அறிமுகத்துக்கு மட்டும் கூப்பிடுங்கள். நர்சம்மா பக்கத்தில் நின்றால் “நர்சம்மா வீட்டுக்கு வந்தாங்களா?” என்ற கேள்விக்கு எல்லாரும் “வந்தாங்க” என்றுதான் சொல்வார்கள். பேட்டி எடுப்பவர் பெண்ணாக இருக்க வேண்டும், அதே ஊர்க்காரராக இருக்கக்கூடாது.

சூளகிரி, தேன்கனிக்கோட்டை, ஓசூர் பக்கம் தெலுங்கோ கன்னடமோ வீட்டு மொழி. கேள்வித்தாளை அந்த மொழியில் முன்னதாகவே எழுதி, வேறொருவரைத் தமிழுக்குத் திருப்பச் சொல்லி ஒப்பிடுங்கள். பக்கத்து வீட்டுப் பெண்ணை மொழிபெயர்க்கச் சொல்வது மட்டும் வேண்டாம். சாயங்காலத்துக்குள் விஷயம் தெருவெல்லாம் தெரிந்திருக்கும்.

கேட்கும் சொல்

“குடும்பக் கட்டுப்பாடு பண்ணியிருக்கீங்களா?” என்று கேட்டால் காப்பர்-டி போட்டிருக்கும் பெண் “இல்லைங்க” என்பாள். அவள் பொய் சொல்லவில்லை. நம் ஊரில் ‘கு.க.’ என்றால் ஆபரேஷன் ஒன்றுதான். 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வில் தமிழ்நாட்டில் மணமான பெண்களில் பாதிக்கும் மேல் கருத்தடை அறுவை செய்தவர்கள் என்பதால் சொல்லும் பொருளும் அப்படியே ஒட்டிக்கொண்டது. முறை முறையாகப் பெயர் சொல்லிக் கேளுங்கள். “அடுத்த புள்ள உடனே வேணாம்னு இப்ப ஏதாச்சும் செய்றீங்களா? காப்பர்-டி? மூணு மாசத்துக்கு ஒரு தடவை அந்தரா ஊசி? மாலா மாத்திரை? வாரத்துக்கு ஒண்ணு போடற சாயா மாத்திரை? நிரோத்? வீட்டுக்காரருக்கு ஆபரேஷன்? நாள் கணக்கு பாத்து தள்ளி இருக்கறது?” ஒவ்வொன்றுக்கும் நிறுத்தி, பதிலை வாங்கிய பிறகே அடுத்தது.

‘ஆபரேஷன்’ என்ற சொல்லையும் அப்படியே எழுதிக்கொள்ளாதீர்கள். அது சிசேரியனாக இருக்கலாம், கருத்தடை அறுவையாக இருக்கலாம், கர்ப்பப்பையை எடுத்ததாக இருக்கலாம். “கழுவுனாங்க” என்றால் கருச்சிதைவுக்குப் பின் செய்த சுத்திகரிப்பு. “அந்த ஆபரேஷனுக்கு அப்புறம் மாசாமாசம் தலைக்கு ஊத்திக்கிட்டீங்களா?” (அதாவது மாதவிலக்கு வந்ததா) என்ற ஒரு கேள்வி கர்ப்பப்பை எடுத்தவர்களைப் பிரித்துவிடும். அவர்கள் கருத்தடைப் பயனாளர் கணக்கில் வரமாட்டார்கள், கருத்தரிக்க முடியாதவர் என்று தனிக் குறியீடு. ‘ஊசி’ என்றால் கர்ப்பத்தில் போட்ட டெட்டனஸ் ஊசியா அந்தராவா என்று கேட்க வேண்டும். அந்தரா போட்டவர்களுக்கு மாதவிலக்கு நின்றுபோவது சகஜம். காரணம் கேட்காமல் ‘மாதவிலக்கு இல்லை’ என்று மட்டும் எழுதினால் பகுப்பாய்வில் அவர்கள் வேறு கூண்டில் போய் விழுவார்கள்.

காப்பர்-டி விஷயத்தில் இன்னொரு சோதனை. பிரசவமான 48 மணி நேரத்துக்குள் போட்டது பெண்ணுக்கு நினைவில் இல்லாமல் இருக்கும், சில நேரம் தெரியாமலே இருக்கும். டிஸ்சார்ஜ் சீட்டைப் பாருங்கள். சீட்டில் இருந்து பெண் இல்லை என்றால், இரண்டையும் அப்படியே பதியுங்கள். நீங்களாக ஒன்றைச் சரி என்று முடிவு செய்யாதீர்கள். அந்த முரணே ஒரு கண்டுபிடிப்பு. சம்மதம் எப்படிக் கேட்கப்பட்டது என்பதைப் பற்றி அது சொல்கிறது.

மிக நுட்பமான இடம் கருச்சிதைவு. ‘கலைஞ்சிடுச்சு’, ‘கலைச்சிட்டோம்’. நடுவில் ‘ஞ்’, ‘ச்’ என்ற ஓரெழுத்து வித்தியாசத்தில் தானாக நடந்ததும் செய்துகொண்டதும் பிரிகின்றன. வேகமாக எழுதும் கை இரண்டையும் ஒன்றாக்கிவிடும். அதோடு, கலைத்ததைக் ‘கலைஞ்சிடுச்சு’ என்றுதான் பல பெண்கள் சொல்வார்கள். “அதுக்கு முன்னாடி மாத்திரை, ஊசி, வைத்தியம் ஏதாச்சும் எடுத்தீங்களா? அப்ப எத்தனை மாசம்?” என்று நிதானமாகத் தொடருங்கள். பதிலை அவர் சொன்ன சொல்லிலேயே ஓரத்தில் எழுதிவைத்து, குறியீட்டை மாலையில் போடலாம்.

பிள்ளைகளை எண்ணும்போது “எத்தனை குழந்தைங்க?” என்றால் கூடவே இருக்கும் குழந்தைகள்தான் கணக்கில் வரும். கூட இருப்பவர், பாட்டி வீட்டிலோ ஹாஸ்டலிலோ இருப்பவர், பிறந்து இறந்தவர் என்று மூன்றாகக் கேளுங்கள். “பொறந்து அழுதுச்சா, அசைஞ்சுச்சா?” என்று கேட்டால்தான் செத்துப் பிறந்ததும், பிறந்து இறந்ததும் பிரியும். பெண்சிசுக் கொலையைத் தடுக்க 1992-ல் சேலத்தில் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டம் 2001-ல் தருமபுரிக்கும் வந்தது என்பதை மறந்துவிடாதீர்கள். பெண் குழந்தை இறந்ததை மட்டும் துருவினால், உங்களை யார் அனுப்பியது என்ற சந்தேகம் அந்த நொடியே வந்துவிடும். எந்தக் குழந்தை இறந்ததையும் ஒரே குரலில், ஒரே கேள்வியில் கேளுங்கள். ஸ்கேனில் என்ன சொன்னார்கள் என்பது உங்கள் அறநெறி அனுமதியில் இல்லாத கேள்வி என்றால் வாயைத் திறக்காதீர்கள்.

மாத்திரைக்கு ‘வாங்கினீங்களா’, ‘சாப்பிட்டீங்களா’ இரண்டும் வேண்டும். பரிந்துரை 180 நாள். வாங்கியது 180, விழுங்கியது 40 என்ற வீடுகள் நிறைய. “கருப்பா வெளிக்கி போகுது, குமட்டுது” என்பதைக் காரணமாக முன்கூட்டியே கேள்வித்தாளில் அச்சிட்டுவைக்கலாம்.

மாத நாட்காட்டி

இடைவெளிக் கணக்கில் ‘எத்தனை மாசம் கழிச்சு’ என்ற நேரடிக் கேள்வி எடுபடாது. 60 கட்டம் கொண்ட ஒரு பட்டையை வரைந்து, ஒரு கட்டம் ஒரு மாதம் என்று வைத்துப் பின்னோக்கி நிரப்புவதே உலகெங்கும் மக்கள்நல ஆய்வுகளில் உள்ள முறை. பிறப்பு, கர்ப்பம், சிதைவு மூன்றுக்கும் தனித்தனி எழுத்து. கருத்தடை முறைக்கு எண்.

உதாரணமாக, 2023 ஜூனில் நிறைமாதப் பிரசவம். ஜூன் கட்டத்தில் பிறப்பு. அதற்கு முந்தைய 8 கட்டத்தில், 2022 அக்டோபரிலிருந்து 2023 மே வரை, கர்ப்பம். ஒன்பது மாதத்துக்கு ஒன்பது கர்ப்பக் கட்டம் போடுவதுதான் புதியவர்கள் எல்லாரும் செய்யும் தவறு. பிறந்த மாதமே ஒன்பதாவது. மூன்றாம் மாதத்தில் சிதைந்தால் சிதைவு ஒரு கட்டம், கர்ப்பம் 2 கட்டம். எட்டு மாதத்தில் பிறந்ததற்கும் இதேபோல் ஒன்று குறைத்துக்கொள்ளுங்கள். இதற்குப் பிறகு காலிக் கட்டங்களைக் காட்டி, “பாப்பா பொறந்தப்புறம் எப்ப திரும்ப தலைக்கு ஊத்துனீங்க? அந்த மாசத்துல ஏதாச்சும் போட்டிருந்தீங்களா?” என்று ஒவ்வொன்றாக நிரப்புங்கள்.

மாதம் நினைவில்லை என்றால் ஆங்கில மாதத்தைத் திணிக்காதீர்கள். பொங்கலுக்கு முன்னா பின்னா, ஆடிப் பதினெட்டுக்கு ஒகேனக்கல் போனபோது வயிற்றில் இருந்ததா, புளி உலுக்கும் காலமா, மாங்காய் காலமா. ஊருக்கு ஊர் மாரியம்மன் திருவிழா மாதம் மாறும். முதல் நாள் வரைபடத்திலேயே அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

ஒரு பிரசவத்துக்குப் பின் அடுத்த கர்ப்பத்துக்கு 24 மாதமாவது வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனப் பரிந்துரை. இது பிரசவத்திலிருந்து அடுத்த கர்ப்பம் வரை. பிரசவத்திலிருந்து பிரசவம் என்றால் 33 மாதம். ஆய்வேடுகளில் இந்த இரண்டும் குழம்பிக் கிடப்பதைப் பார்க்கலாம்.

பூர்த்தியாகாத தேவையைப் பெண்ணிடம் நேராகக் கேட்க முடியாது, பதில்களிலிருந்து கணக்கிட வேண்டும். கருத்தடை முறை உள்ளவரை முதலில் ஒதுக்குங்கள். கர்ப்பிணி, பிரசவமாகி 2 ஆண்டுக்குள் இன்னும் மாதவிலக்கு திரும்பாதவர் இருவரிடமும் அந்தக் கர்ப்பத்தைப் பற்றிக் கேளுங்கள்: “அந்த நேரத்துல உண்டாகணும்னு இருந்தீங்களா, இன்னும் கொஞ்ச நாள் போகட்டும்னு இருந்தீங்களா, இனி வேணாம்னே இருந்தீங்களா?” மீதிப் பேரில் கருத்தரிக்க முடியாதவரை நீக்குங்கள். கடைசியாக, 2 ஆண்டுக்குள் பிள்ளை வேண்டாம் என்பவர் இடைவெளித் தேவை, இனி வேண்டவே வேண்டாம் என்பவர் நிறுத்தும் தேவை. மடியில் குழந்தையை வைத்துக்கொண்டு ‘இது வேணாம்னு இருந்தேன்’ என்று சொல்லத் தாய்க்கு வாய் வராது. குழந்தையைப் பற்றிக் கேட்காமல் அந்த நேரத்தைப் பற்றிக் கேட்பது அதனால்தான்.

மாமியார், வயது, ஆபத்து

தனிமை கிடைப்பது கஷ்டம். இருவராகப் போய், ஒருவர் மாமியாரிடம் “அம்மா, நீங்க பிரசவம் பாத்த காலத்துல எப்படிங்க?” என்று திண்ணையில் பேச்சுக் கொடுக்க, இன்னொருவர் துவைக்கிற கல் பக்கம் மருமகளிடம் கேட்கலாம். நூறு நாள் வேலை நடக்கும் நாளில் காலையில் போனால் கதவில் பூட்டுதான். மாமியார் வந்துவிட்டால் செக்கப் பற்றிய கேள்விக்குத் தாவுங்கள், கருத்தடைப் பக்கத்தை மூடிவிடுங்கள்.

வயதை “எத்தனை?” என்று கேட்டால் எல்லாருக்கும் 19. பத்தாவது எழுதிய வருஷம், சடங்கு முடிந்து எத்தனை வருஷம் கழித்துக் கல்யாணம் என்ற இரண்டையும் கேட்டுப் பாருங்கள், கணக்கு தானாக வெளியே வரும். ஆனால் வரும்முன் ஒரு முடிவு எடுத்திருக்க வேண்டும். குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012 போக்சோ சட்டத்தின் 19-ஆம் பிரிவு, 18 வயது நிரம்பாதவருக்கு எதிரான குற்றம் பற்றித் தகவல் அறிந்தவர் புகார் தர வேண்டும் என்கிறது. எல்லாம் ரகசியம் என்று ஒப்புதல் படிவத்தில் எழுதிவிட்டுப் பிறகு புகார் கொடுப்பது அந்தப் பெண்ணுக்குச் செய்யும் துரோகம். ரகசியத்தின் எல்லையைப் படிவத்திலேயே சொல்லுங்கள், என்ன செய்வது என்று அறநெறிக் குழுவிடம் எழுத்தில் வாங்குங்கள். இளவயதுத் திருமணத்தின் அளவுதான் வேண்டும் என்றால், 20–24 வயதுப் பெண்களில் 18-க்கு முன் மணமானவர் எத்தனை பேர் என்று எடுத்தாலே போதும்.

பிக்மி எண்ணை, அதாவது கர்ப்பத்தைப் பதிந்ததும் அரசு தரும் எண்ணை, தரவுத்தாளில் எழுதாதீர்கள். 12 இலக்கமும் ஒருவரை நேராக அடையாளம் காட்டும். தாய் சேய் நல அட்டையிலிருந்து பிறப்பு எடை, பதிவு தேதி, ஹீமோகுளோபின், ரத்த அழுத்தம் மட்டும். எல்லைப்பக்கம் கர்நாடகத்தின் தாயி கார்டும் வரும். வரிசை வேறாக இருக்கும், முன்னதாக ஒன்றைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பேட்டியின் நடுவே அதிக உதிரப்போக்கு, காய்ச்சலோடு நாற்றமடிக்கும் வெள்ளை, வலிப்பு, கண் மங்கலோடு கடும் தலைவலி என்று எதைக் கேட்டாலும் பேனாவை வையுங்கள். ரத்த அழுத்தம் 160/110 தொட்டால் அன்றே 108. ஆலோசனை சொல்லப் போகாதீர்கள், அனுப்பிவையுங்கள்.

மாலையில்

அன்றைய தாள்களை அன்றே பாருங்கள். பிறப்பு எடை வரிசையாக 2.5, 3, 2.5, 3 என்று இருந்தால் அட்டையைப் பார்க்காமல் வாயால் கேட்டு எழுதியிருக்கிறார்கள். எடைக்குறைவு என்பது 2,500 கிராமுக்குக் கீழ், சரியாக 2.5 என்று எழுதியவை எல்லாம் அந்தக் கணக்கிலிருந்து நழுவிவிடும். வயது 20, 25, 30-ல் குவிந்தாலும் இதே கதை. ஒரே ஆளின் எல்லாத் தாளிலும் சிதைவு பூஜ்யம் என்றால் அவர் அந்தக் கேள்வியைக் கேட்கவே இல்லை. பத்தில் ஒரு வீட்டுக்கு மேற்பார்வையாளர் மறுநாள் போய் மூன்றே கேள்வி கேட்கட்டும்: எத்தனை பிரசவம், கடைசிக் குழந்தையின் மாதம், இப்போது என்ன முறை. மூன்றில் ஒன்று மாறினாலும் அந்த ஆளின் அன்றைய தாள் முழுவதையும் மீண்டும் எடுக்க வேண்டும். மலைக் கிராமங்களில் சிக்னல் கிடைக்காது. டேப்லெட்டில் எடுப்பவர்கள் ஆஃப்லைனில் சேமித்து, கீழே இறங்கியதும் அனுப்பிவிட்டு, வந்து சேர்ந்த எண்ணிக்கையையும் பார்த்த வீட்டு எண்ணிக்கையையும் சரிபார்த்த பிறகே டேப்லெட்டைக் காலி செய்யுங்கள்.